மூன்று ஆட்டத்தில் 24 பாயிண்ட் சராசரி வைத்திருப்பவரை எடுக்கலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால். 12 அணிகள் கொண்ட என்பிஏ ஃபேன்டசி லீக் (அமெரிக்கக் கூடைப்பந்து வீரர்களைத் தேர்ந்தெடுத்து நாமே அணி அமைத்து, அவர்களுடைய நிஜ ஆட்ட எண்களை வைத்து மோதும் விளையாட்டு), ஆளுக்கு 13 வீரர்கள், பாயிண்ட், ரீபவுண்ட், ஸ்டீல் போலத் தனித்தனியாக ஜெயிக்க வேண்டிய ஒன்பது பிரிவுகள், வாரத்துக்கு ஒரு எதிராளி. சீசன் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. தொடக்கத் தேர்வின் நான்காவது சுற்றில் நீங்கள் எடுத்த ஃபார்வர்ட் போடும் ஷாட்டில் 36 சதவீதம்தான் உள்ளே போகிறது. வேவரில், அதாவது லீக்கில் யாரும் எடுக்காத வீரர்கள் பட்டியலில், ஒரு பெஞ்ச் கார்டு (முதல் ஐந்தில் இறங்காத, பந்தைக் கொண்டுபோகும் ஆட்டக்காரர்) கடைசி மூன்று ஆட்டத்தில் 24 பாயிண்ட் சராசரி வைத்திருக்கிறார், ஏனென்றால் அந்த அணியின் வழக்கமான கார்டுக்குக் கணுக்காலில் அடி. அவரை எடுத்து, இந்த ஃபார்வர்டை விட்டுவிடலாமா என்கிறீர்கள்.

வேண்டாம். அந்தக் கார்டை எடுப்பதில் தப்பில்லை, ஆனால் அவருக்காக இந்த ஃபார்வர்டை விடாதீர்கள். கூடவே, கடைசி வரியில் போகிற போக்கில் நீங்கள் குறிப்பிட்ட அந்த இரண்டாமாண்டு வீரரைத்தான் நான் முதலில் எடுப்பேன். ஏன் என்பதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

வேவரில் ஒருவர் திடீரென்று மேலே வந்தால் நான் பாயிண்டைப் பார்ப்பதற்கு முன் நிமிடங்களைப் பார்ப்பேன். எத்தனை நிமிடம் ஆடினார், அதைவிட முக்கியமாக, அந்த நிமிடங்கள் எங்கிருந்து வந்தன. ஒரு ஆட்டத்தில் ஒரு அணிக்கு மொத்தம் 240 நிமிடங்கள்தான், ஐந்து பேர் நாற்பத்தெட்டு நிமிடம். ஒருவருக்கு 15 நிமிடம் கூடினால் வேறு யாருக்கோ 15 குறைந்திருக்கிறது. அந்த வேறு யாரோ எப்போது திரும்பி வருவார் என்று தெரிந்துவிட்டால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும் வர்த்தகத்தில் வேறு ஊருக்குப் போய்விட்டாரா, சீசன் முழுக்க வெளியே இருக்கப் போகிறாரா, பத்து நாளில் வந்துவிடுவாரா, அல்லது அடி ஒன்றும் இல்லாமல் பயிற்சியாளர் ஒரு சோதனை செய்து பார்க்கிறாரா? இந்த நான்குக்கும் நான்கு விலை.

இதை நான் எப்போதும் ஜெரமி லின்னை வைத்துத்தான் விளக்குவேன். 2012 பிப்ரவரி 4, நியூயார்க் நிக்ஸ். லின் ஹார்வர்டில் படித்தவர், 2010 டிராஃப்டில் (என்பிஏ அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) அவரை யாரும் எடுக்கவில்லை, அந்த சீசன் தொடங்கும் முன் கோல்டன் ஸ்டேட்டும் ஹூஸ்டனும் அடுத்தடுத்து விட்டுவிட்டன. அன்றிரவு நியூ ஜெர்சி நெட்ஸுக்கு எதிராகப் பெஞ்சிலிருந்து வந்து 25 பாயிண்ட், 7 அசிஸ்ட் (கூடைக்கு வழிவகுக்கும் பாஸ்). ஃபேன்டசி ஆடியவர்களில் பெரும்பாலானோர் "ஒரு நாள் கூத்து" என்று விட்டுவிட்டார்கள். ஆனால் அன்று அவர் ஆடியது 36 நிமிடம். பயிற்சியாளர் மைக் டி'ஆன்டோனியின் ஆட்டமுறையோ, ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு கையில் பந்தைக் கொடுத்துப் பிக் அண்ட் ரோலிலேயே (சக வீரர் தடுப்பாளரை மறிக்க, பந்தோடு நகரும் உத்தி) ஓட்டுவது. அந்த இடத்துக்கு வரவேண்டிய பேரன் டேவிஸ் முதுகுவலியிலிருந்து இன்னும் திரும்பவில்லை, இருந்த மற்றவர்கள் யாருக்கும் அந்த வேலை சரிப்படவில்லை. காலியாகக் கிடந்த இடமும் அதை நிரப்ப ஒருவர் தேவைப்பட்ட பயிற்சியாளரும் முதல் இரவிலேயே கண்ணுக்குத் தெரிந்தார்கள். அடுத்த ஆட்டத்தில் யூட்டாவுக்கு எதிராக 28, பத்தாம் தேதி லேக்கர்ஸுக்கு எதிராக 38. அதற்குள் வேவரில் அவர் கிடைத்திருப்பாரா?

அதே கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நியூ ஆர்லியன்ஸுக்கு எதிராக 17ஆம் தேதி 9 டர்ன்ஓவர் (பந்தை எதிரணியிடம் இழப்பது). அந்த சீசனில் அவருடைய டர்ன்ஓவர் சராசரி 3.6. அடிபட்டு வெளியே இருந்த அணியின் நட்சத்திரம் கார்மெலோ ஆந்தனி திரும்பி வந்ததும் பந்து கைமாறியது, மார்ச் நடுவில் டி'ஆன்டோனி பதவி விலகினார், அந்த மாதமே லின்னுக்கு முழங்காலில் அடிபட்டு சீசன் முடிந்தது. மொத்தம் 35 ஆட்டம், 14.6 பாயிண்ட், 6.2 அசிஸ்ட். முதல் இரவில் சும்மா எடுத்தவருக்கு இது பெரிய லாபம். மாதக் கடைசியில் அவருக்காக ஒரு நிலையான நட்சத்திரத்தைக் கொடுத்தவருக்கு நஷ்டம். இரண்டு பேரும் வாங்கியது ஒரே ஆளைத்தான், கொடுத்த விலைதான் வேறு.

வர்த்தகத்தால் கிடைக்கும் நிமிடங்கள் இப்படி ஆட்டம் காணாது. 2020 பிப்ரவரி 6ஆம் தேதி டெட்ராய்ட் தன் சென்டர் (வளையத்துக்கு அருகில் ஆடும் உயரமானவர்) ஆண்ட்ரே டிரம்மண்டை கிளீவ்லாந்துக்கு அனுப்பியபோது கிறிஸ்டியன் வுட்டுக்கு முன்னால் நின்ற மலை நகர்ந்துவிட்டது. வுட் அதுவரை குறைந்த நிமிடங்களிலேயே நன்றாக ஆடிக்கொண்டிருந்தார், பெஞ்சிலிருந்து வந்தாலும் நிமிடத்துக்கு அவர் தரும் எண்கள் முதல் ஐந்தில் இறங்கும் ஒரு ஸ்டார்டருடைய எண்களாக இருந்தன. டிரம்மண்ட் திரும்பி வரப் போவதில்லை என்பதால் அந்த எண்கள் நீடிக்கும் என்று நம்புவதற்குக் காரணம் இருந்தது. 2025 பிப்ரவரியில் ஸாக் லவீன் சாக்ரமென்டோவுக்குப் போன பிறகு சிகாகோவில் கோபி வைட்டும் ஜாஷ் கிட்டியும் எழும்பியது இதே வகை. அந்த மார்ச்சில் லேக்கர்ஸுக்கு எதிராக கிட்டி பாதி மைதானத்திலிருந்து கடைசி நொடியில் போட்டு ஜெயித்தது பலருக்கு நினைவிருக்கும், ஆனால் லவீன் கிளம்பிய அன்றே யாருடைய கைக்குப் பந்து போகும் என்று கேட்டவர்கள்தான் அதன் பலனை முழுதாக அனுபவித்தார்கள். அதனால் பிப்ரவரி முதல் வாரம், வர்த்தகக் கெடு நெருங்கும் நாட்களில், என் வீரர் பட்டியலில் ஒரு இடத்தை எப்போதும் தளர்வாக வைத்திருப்பேன்.

நீங்கள் கேட்கும் கார்டு மூன்றாவது வகை. கணுக்கால் அடி, இரண்டு வாரத்தில் வழக்கமான கார்டான அந்த மூத்தவர் திரும்புவார் என்று செய்தி. அப்படியென்றால் நீங்கள் எடுப்பது ஒரு வீரரை அல்ல, ஆறேழு ஆட்டங்களை. அந்த ஆறேழு ஆட்டங்களும் 24 பாயிண்ட் ஆட்டங்களாக இருக்காது. நீங்கள் அனுப்பிய கணக்குப்படி மூன்று ஆட்டத்தில் 25 த்ரீ (தொலைவிலிருந்து போடும் மூன்று பாயிண்ட் ஷாட்) முயன்று 15 போட்டிருக்கிறார், 60 சதவீதம். த்ரீக்குப் பெயர்போன ஸ்டீபன் கறியின் வாழ்நாள் சராசரியே 42 சதவீதம் சொச்சம். நல்ல கார்டு ஒருவருக்கு நியாயமான 37 சதவீதம் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள், 25க்கு 9 உள்ளே போகும். ஆறு த்ரீ குறைந்தால் 18 பாயிண்ட், மூன்று ஆட்டத்துக்குப் பிரித்தால் ஆட்டத்துக்கு 6. ஆக இவருடைய உண்மையான எண் 24 அல்ல, 18. அதுவும் இந்த இரண்டு வாரத்துக்கு மட்டும். பதினெட்டு பாயிண்டும் மூன்று த்ரீயும் பயன்படாது என்று சொல்லவில்லை, ஆனால் நான்காவது சுற்று ஆளுக்கு இது மாற்று ஆகாது.

இப்போது அந்த ஃபார்வர்ட். அவருக்கும் இதே கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். நிமிடம் 33, போன சீசனில் இருந்த அளவுதான். ஆட்டத்துக்கு 14 ஷாட், அதுவும் அப்படியே. நான்காவது கால்பகுதியில் களத்தில் இருக்கிறார். போன சீசனில் 46 சதவீதம் போட்டவர் இப்போது 36 என்றால், 14 ஷாட்டில் வித்தியாசம் ஆட்டத்துக்கு ஒன்றரைக் கூடைகூட இல்லை. பத்து ஆட்டத்தில் 14 பந்துகள் வளையத்தில் பட்டு வெளியே போயிருக்கின்றன, அவ்வளவுதான். இதற்காகவா அவரை வேவருக்கு அனுப்புவது? அனுப்பினால் அடுத்த நாளே உங்கள் லீக்கில் யாராவது ஒருவர் எடுத்துவிடுவார், அப்புறம் ஒவ்வொரு வாரமும் அவர் பாயிண்ட் அடிப்பதை எதிரணியில் பார்க்க வேண்டும்.

2018-19 சீசன் தொடக்கத்தில் க்ளே தாம்சன் முதல் ஏழு ஆட்டத்தில் 36 த்ரீ முயன்று 5 மட்டுமே போட்டிருந்தார். அவரைப் பற்றி அப்போது என்னென்ன பேசினார்கள்! எட்டாவது ஆட்டம், அக்டோபர் 29, சிகாகோவில் 27 நிமிடத்தில் 14 த்ரீ, 52 பாயிண்ட். ஒரே ஆட்டத்தில் 14 த்ரீ என்பது அன்று என்பிஏ சாதனை. சீசன் முடிவில் அவருடைய த்ரீ சதவீதம் 40.2, அதாவது அவர் வழக்கமாகப் போடுகிற அளவு. ஷாட் போகிறதா இல்லையா என்பது மிகவும் மெதுவாகத்தான் உண்மையைச் சொல்லும். நிமிடங்களும் ஷாட் எண்ணிக்கையும் ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் தடுப்பில்லாத ஷாட்) முயற்சிகளும் ஒரு வாரத்திலேயே சொல்லிவிடும். ரீபவுண்டும் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது) அசிஸ்டும் இவற்றுக்கு அடுத்தபடி. ஸ்டீல் (பந்தைப் பறிப்பது), பிளாக் (எதிராளி ஷாட்டைத் தடுப்பது) இரண்டும் நடுவில், ஓரிரு ஆட்டத்தை வைத்து முடிவெடுக்க முடியாது, பத்து ஆட்டத்தில் ஓரளவு தெரியும்.

எப்போது விடுவேன்? அந்த ஃபார்வர்டின் நிமிடம் 33இலிருந்து 25க்கு இறங்கி, கடைசி ஐந்து நிமிடத்தில் அவருக்குப் பதில் ஒரு இளைஞர் களத்தில் நின்றால். ஷாட் 14இலிருந்து 9 ஆனால். அணி அவர் இடத்துக்கே புதிதாக ஒருவரை வாங்கினால். அப்போது 46 சதவீதத்தில் போட்டாலும்கூட எனக்குக் கவலை வரும், ஏனென்றால் அவருடைய வேலையே மாறிவிட்டது. எந்தச் சுற்றில் எடுத்தோம் என்ற நினைப்பு அந்த இடத்தில் தடையாக இருக்கக் கூடாது. ஆனால் மூன்றாவது வாரத்தில் அந்தச் சுற்று எண்ணைச் சுத்தமாக மறந்துவிடுவதும் சரியில்லை. அந்த எண்ணுக்குப் பின்னால் இரண்டு மூன்று சீசன் ஆட்டங்கள் இருக்கின்றன, இந்தப் பக்கம் வெறும் பத்து ஆட்டங்கள்.

சரி, அந்த இரண்டாமாண்டு வீரர். நீங்கள் எழுதியது: "9 பாயிண்ட்தான், 29 நிமிடம், ஸ்டீல் 1.8, இவரெல்லாம் தேறுவாரா தெரியவில்லை." இவரைத்தான் நான் எடுக்கச் சொல்கிறேன். உங்கள் லீக்கில் பாயிண்ட் ஒன்பது பிரிவில் ஒரு பிரிவு, ஸ்டீலும் ஒரு பிரிவு. ஆனால் பாயிண்ட் எல்லா இடத்திலும் கிடைக்கும், ஸ்டீல் கிடைக்காது. பத்து பேரை இறக்கி ஆளுக்கு மூன்றரை ஆட்டம், ஆட்டத்துக்கு ஒரு ஸ்டீல் என்று வைத்தால் வாரத்துக்கு 35. அந்தப் பிரிவை பெரும்பாலும் மூன்று நான்கு ஸ்டீல் வித்தியாசத்தில்தான் ஜெயிக்கிறோம், தோற்கிறோம். இந்த ஒருவர் தனியாக ஆறு தருவார். பாயிண்டில் அதே அளவு தாக்கம் வேண்டுமென்றால் ஒருவர் ஆட்டத்துக்கு 27, 28 அடிக்க வேண்டும், அப்படி யாரும் வேவரில் கிடக்க மாட்டார்கள்.

இதை நான் கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். 2024 கோடையில் டைசன் டேனியல்ஸ் நியூ ஆர்லியன்ஸிலிருந்து அட்லாண்டாவுக்குப் போனபோது அவருடைய 5.8 பாயிண்டைப் பார்த்துவிட்டு எங்கள் லீக்கின் தொடக்கத் தேர்வில், கடைசிச் சுற்றில்கூட அவரைத் தாண்டிப் போனேன். அதற்கு முந்தைய சீசனில் அவர் 22 நிமிடம் அளவில் 1.4 ஸ்டீல் எடுத்திருந்தார். 34 நிமிடம் கிடைத்தால் என்ன ஆகும் என்று பெருக்கிப் பார்த்திருந்தாலே இரண்டுக்கு மேல் வந்திருக்கும். அட்லாண்டாவில் அந்த 34 நிமிடம் கிடைத்தது, அவர் எடுத்ததோ ஆட்டத்துக்கு 3.0, மொத்தம் 229 ஸ்டீல், லீக்கிலேயே முதலிடம், அதிகம் முன்னேறிய வீரருக்கான விருதும் அவருக்கே. பாயிண்டும் 14.1 ஆனது. அந்த சீசன் முழுக்க ஸ்டீல் பிரிவில் நான் தோற்ற ஒவ்வொரு வாரமும் அவர் பெயர் மனதில் வந்துபோனது. உங்கள் இளைஞர் இன்னொரு டேனியல்ஸ் ஆவார் என்று நான் சொல்லவில்லை. 29 நிமிடம் ஸ்டார்டராக ஆடுகிறார், யாருடைய அடியாலும் அந்த இடம் கிடைக்கவில்லை, பயிற்சியாளர் அவரைத் தடுப்பாட்டத்துக்காக வைத்திருக்கிறார். இது போதும் எனக்கு.

உங்கள் அணியைப் பற்றி ஒரு விஷயம். உங்களிடம் நட்சத்திர வீரர் யானிஸ் இருக்கிறார். ஆட்டத்துக்கு ஏறக்குறைய பத்து ஃப்ரீ த்ரோ முயல்கிறார், உள்ளே போகும் சதவீதம் அறுபதுகளில். ஃப்ரீ த்ரோ பிரிவு உங்களுக்கு ஏறக்குறைய போய்விட்டது, அதை ஒத்துக்கொண்டு மற்ற எட்டில் ஆடுங்கள். சதவீதப் பிரிவுகளில் எத்தனை சதவீதம் என்பதோடு எத்தனை முயற்சி என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு சாதாரண அணி வாரத்தில் 130 ஃப்ரீ த்ரோவில் 104 போட்டால் 80 சதவீதம். அதில் பத்துக்கு ஐந்து போடுகிற ஒரு சென்டரைச் சேர்த்தால் 140க்கு 109, கிட்டத்தட்ட 78. அந்த இரண்டு சதவீதம் சமமான போட்டியில் ஒரு பிரிவையே பறித்துவிடும். யானிஸ் வைத்திருப்பவருக்கு அது வலிக்காது, அந்தப் பிரிவில் அவர் ஏற்கெனவே பின்னால்தான் இருக்கிறார். ஆகவே ஃப்ரீ த்ரோ மோசம் என்று மற்றவர்கள் ஒதுக்கும் சென்டர்கள் உங்களுக்கு மலிவாகக் கிடைப்பார்கள். 2015 ஜனவரி 25ஆம் தேதி மயாமியின் ஹசன் வைட்சைட் சிகாகோவுக்கு எதிராகப் பெஞ்சிலிருந்து வந்து 25 நிமிடத்தில் 14 பாயிண்ட், 13 ரீபவுண்ட், 12 பிளாக் எடுத்தார். அந்த சீசனில் அவருடைய ஃப்ரீ த்ரோ சரியாக 50 சதவீதம். அந்த எண்ணைப் பார்த்துத் தயங்கியவர்களில் சிலர் அந்தப் பிரிவை எப்படியும் தோற்றுக்கொண்டிருந்தவர்கள் என்பதுதான் வருத்தம். அடுத்த சீசனில் அவர் ஆட்டத்துக்கு 3.7 பிளாக்குடன் லீக்கில் முதலிடம் பிடித்தார்.

அந்தக் கார்டை ஒரு வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ எடுப்பதாக இருந்தால் அட்டவணையைப் பாருங்கள், ஆனால் "இந்த வாரம் நான்கு ஆட்டம்" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். புதனும் வெள்ளியும் பொதுவாக நிறைய அணிகள் ஆடும் நாட்கள். அன்று உங்கள் 13 பேரில் பதினொன்று பேருக்கு ஆட்டம் இருந்தால் ஒருவர் பெஞ்சில்தான் உட்காருவார், அது பெரும்பாலும் நீங்கள் புதிதாக எடுத்தவராகவே இருக்கும். நான்கு ஆட்டத்தில் இரண்டு இப்படிப் போனால் கையில் நிற்பது இரண்டு. ஆட்டம் குறைவான நாட்களில் மூன்று ஆட்டம் உள்ளவர் அவரைவிடப் பயன். வாரம் முடியும் ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னொரு எச்சரிக்கை: ஃபீல்டு கோல் சதவீதத்திலும் (ஷாட்டில் உள்ளே போகும் பங்கு) டர்ன்ஓவரிலும் சின்ன முன்னிலையில் இருந்து மற்றவை முடிவாகிவிட்டன என்றால் புதிதாக யாரையும் இறக்காதீர்கள். ஒரு கார்டு 15க்கு 4 போட்டு 5 டர்ன்ஓவர் கொடுத்து இரண்டு பிரிவையும் கவிழ்த்த இரவுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தியாவிலிருந்து ஆடுபவர்களுக்கு நேரம் ஒரு தனிப் பிரச்சினை. நியூயார்க்கில் குளிர்காலத்து இரவு ஏழு மணி ஆட்டம் நமக்கு அதிகாலை ஐந்தரை. அணிகள் பொதுவாக ஆட்டத்துக்கு முந்தைய நாள் மாலை ஐந்து மணிக்குள், அவர்கள் ஊர் நேரப்படி, காயப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். அதாவது நீங்கள் தூங்கப் போவதற்கு முன் அந்தப் பட்டியல் கையில் இருக்கும், கடைசி நேர மாற்றங்கள்தான் தப்பிவிடும். சந்தேகம் என்று போட்டிருக்கும் ஆளுக்குப் பதிலாக, நிச்சயம் ஆடுவார் என்று தெரிந்த கொஞ்சம் குறைந்த ஆளை இரவே இறக்கிவிட்டுப் படுப்பது நல்லது.

வேவருக்கு ஏலப் பணம் உள்ள லீக் என்றால், வேலை நிரந்தரமாக மாறிய ஆளுக்கு நவம்பரிலேயே 100க்கு 30, 40 கொடுக்கத் தயங்க மாட்டேன், பயன்படுத்த இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. கணுக்கால் அடியால் வந்தவருக்கு ஐந்துக்கு மேல் தர மாட்டேன்.

கடைசியாக, யாரை விடுவது. உங்கள் பட்டியலில் பதிமூன்றாவது ஆள் ஒரு மாற்று சென்டர், 17 நிமிடம், 7 பாயிண்ட், 5 ரீபவுண்ட். இவரைப் போல நான்கைந்து பேர் எந்த வாரமும் வேவரில் கிடப்பார்கள், விட்டாலும் யாரும் எடுக்க மாட்டார்கள், வேண்டுமானால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அவரை விட்டுவிட்டு அந்த இரண்டாமாண்டு வீரரை இன்றே எடுங்கள். முழங்கால் அடியோடு சாதாரண பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் உங்கள் இன்னொரு கார்டை, ஃபேன்டசி அணியில் அடிபட்டவர்களுக்கென்று இருக்கும் தனி இடத்துக்கு நகர்த்துங்கள், அது காலியாகத்தான் இருக்கிறது, ஏன் பயன்படுத்தாமல் வைத்திருக்கிறீர்கள்? அதனால் திறக்கும் இடத்தில் அந்த 24 பாயிண்ட் கார்டை எடுங்கள், மூத்தவர் பயிற்சிக்குத் திரும்பிவிட்டார் என்ற செய்தி வந்த அன்று விடுங்கள். அதற்கு முன் யாராவது அவரை வர்த்தகத்தில் கேட்டால் கொடுத்துவிடுங்கள். ஃபார்வர்டை இன்னும் பத்து ஆட்டம் தொடாதீர்கள். நடுவில் அவர் நிமிடம் 28க்குக் கீழே இறங்கினால் மட்டும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.